கேளுங்க, சொல்றேன்: புரொப்பல்லர் நின்னா வெளிச்சம்

போன இதழ்ல, கெட்டுப்போற மீன் பக்கத்துல வச்சா ஒளிர்ற ஒரு பேப்பர் பத்தியும், அதுல இருக்குற மூலக்கூறு கூட்டம் சேர்ந்தா ஒளிரும்னும் ரெண்டே வரி எழுதியிருந்தேன். தொண்டில ஆரம்பிச்சு மூக்கையூர் வரைக்கும் அதப் பத்தியே கேட்டு எழுதியிருக்கீங்க, அதனால இந்தத் தடவ மத்த கேள்வி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

தேவிபட்டினத்துல இருந்து ஒரு வாசகர்: அண்ணே, ராத்திரி வலை இழுக்கும்போது தண்ணி நீலமா மின்னும், கைய விட்டா கையெல்லாம் மின்னும். நீங்க சொன்ன ஒளிர்ற மருந்தும் அதுவும் ஒண்ணா?

இல்ல தம்பி, ரெண்டும் வேற வேற. கடல்ல மின்னுறது உயிருள்ள பொருள், பெரும்பாலும் நாக்டிலூக்கான்னு ஒரு ஒத்த செல் உயிரி. வலை பட்டாலும் துடுப்பு பட்டாலும் அது உடம்புக்குள்ள லூசிஃபெரின்னு ஒரு பொருள் ஆக்சிஜனோட சேர்ந்து மாறுது, அந்த மாற்றத்துல வர்ற சக்திதான் நீல வெளிச்சமா வெளிய வருது, அதாவது வெளிச்சத்த அதுவே தயார் பண்ணுது. 2019 செப்டம்பர்ல பாம்பன் பக்கம் கடல் பச்சையா மாறி மீன் செத்து ஒதுங்குச்சே, பூங்கோரைன்னு நம்ம ஆளுங்க சொன்னாங்களே, அதுவும் இதே நாக்டிலூக்கா கூட்டம் கூட்டமா பெருகுனதுதான்.

நான் எழுதுன மூலக்கூறு வெளிச்சத்த தானா தயாரிக்காது. நாம அதுமேல புறஊதா வெளிச்சம் அடிக்கணும், அத வாங்கிக்கிட்டு கண்ணுக்குத் தெரியுற வேற நிறத்துல திருப்பிக் குடுக்கும், டார்ச்ச அணைச்சா அதுவும் அணைஞ்சிரும். இதுக்கு ஃப்ளூரசன்ஸ்னு பேரு வச்சவரு ஜார்ஜ் ஸ்டோக்ஸ், 1852-ல. கள்ளநோட்டு பாக்குற மெஷினுக்குள்ள ரூபா நோட்ட வச்சா அதுல இருக்குற இழை பளிச்சுன்னு தெரியும்ல, அதான் இது.

கீழக்கரைல இருந்து ஒரு மாணவர்: சலாம் காக்கா. பி.எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஒளிர்ற சாயத்தோட செறிவு கூடக்கூட ஒளி மங்கும்னுதான் எங்களுக்கு பாடம் எடுத்தாங்க. கூட்டம் சேர்ந்தா ஒளிரும்னு நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்களே?

வஅலைக்கும் ஸலாம் தம்பி. உங்க பாடம் சரிதான், நான் எழுதுனதும் சரிதான், ரெண்டும் வேற வேற அமைப்பு உள்ள மூலக்கூறுக்குப் பொருந்துது.

முதல்ல பாடத்துல இருக்குறது. பைரீன்னு ஒரு மூலக்கூறு, அப்பளம் மாதிரி தட்டையா இருக்கும். செறிவு ரொம்பக் கம்மியான கரைசல்ல தனித்தனியா இருந்தா நல்லா ஒளிரும், செறிவ கூட்டுனா ஒண்ணு மேல ஒண்ணு அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கும், அப்ப வாங்குன சக்தி பக்கத்துல இருக்குறதோட பங்கு போட்டு வேற வழில கரைஞ்சு போயிரும். ஃபோர்ஸ்டர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி 1954-ல இத பைரீன்ல காட்டுனாரு. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் எல்லாரும் இதோட மல்லுக்கட்டிக்கிட்டே இருந்தாங்க, ஏன்னா சென்சாரு, விளக்கு, டிவி திரை எதுக்குப் போனாலும் சாயத்த திடமா, நெருக்கமாத்தான் வைக்க வேண்டியிருக்கு, அங்கதான் அது மங்கிப் போகுது.

2001-ல ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பென் ஷோங் டாங்னு ஒரு பேராசிரியர், அவரோட மாணவர் ஒருத்தர் சைலோல்னு ஒரு பொருள சுத்தப்படுத்திக்கிட்டு இருந்தாரு. பொருள் சுத்தமா இருக்கான்னு பாக்க நீங்க லேப்ல டிஎல்சி தட்டுல புள்ளி வைப்பீங்கல்ல, அதே மாதிரி வச்சு புறஊதா விளக்குல காட்டுனா புள்ளியவே காணோம். கரைப்பான் ஈரம் காஞ்சதும் அதே இடத்துல புள்ளி பளிச்சுன்னு வந்துச்சு. எத்தனையோ லேப்ல எத்தனையோ பேரு பாத்துட்டு தட்ட குப்பைல போட்டுட்டுப் போயிருக்கக்கூடிய விஷயம், இவங்க விடல, ஈரத்துல ஏன் இல்ல காஞ்சதும் ஏன் வருதுன்னு கேட்டாங்க. அந்தச் சைலோல ஆல்கஹால்ல கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேத்தாங்க. அந்தப் பொருளுக்கு தண்ணி ஆகாது, எண்ணெய் மாதிரி விலகி தனக்குத்தானே திரண்டுக்கும். தண்ணி ஒரு அளவுக்கு மேல போனதும் ஒளி நூறு மடங்குக்கு மேல ஏறிருச்சு. அதுக்குத்தான் திரண்டா வர்ற ஒளிர்வுன்னு பேரு வச்சாங்க, சுருக்கமா ஏஐஇ. வேதியியல்ல வளர்ந்து வர்ற 10 தொழில்நுட்பம்னு 2020-ல ஐயுபிஏசிங்கிற உலக வேதியியல் அமைப்பு ஒரு பட்டியல் போட்டுச்சு, அதுல இதுவும் ஒண்ணு.

ஏன் அப்படின்னு கேட்டா, நம்ம ஊர்க்காரங்களுக்கு சுலபமா சொல்லலாம். சைலோலுக்கு அப்புறம் எல்லாரும் கையில எடுத்தது டெட்ராஃபீனைல் எத்திலீன், டிபிஇ-ன்னு சொல்லுவாங்க. நடுவுல ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பு, அத சுத்தி நாலு பென்சீன் வளையம், ஒவ்வொண்ணும் கொஞ்சம் திருகுன மாதிரி நிக்கும். அப்படியே வல்லத்து எஞ்சின் புரொப்பல்லர். கரைசல்ல தனியா இருக்கும்போது அந்த நாலு இறக்கையும் ஆடும், சுத்தும், வாங்குன வெளிச்சம் பூரா அந்த ஆட்டத்துலயே சூடாப் போயிரும். திரண்டுருச்சுன்னா பக்கத்துல பக்கத்துல இடிச்சுக்கிட்டு எந்த இறக்கையும் அசைய முடியாது. புரொப்பல்லர்ல வலை சுத்திக்கிட்டா எஞ்சின் என்ன பாடு படும்னு தெரியும்ல, சக்தி வர்றது நிக்கல, போற வழிதான் அடைஞ்சிருச்சு. எஞ்சின்ல அது சூடாகும், இந்த மூலக்கூறுல மிச்சம் இருக்குற ஒரே வழி வெளிச்சம்.

இறக்கை திருகி நிக்கிறதால இன்னொரு லாபமும் இருக்கு. அப்பளம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு ஒட்டிக்க முடியாது, அதனால பைரீனுக்கு வந்த வியாதி இதுக்கு வரல.

இதே தத்துவத்த கடல் ரொம்ப நாளைக்கு முன்னாடியே வச்சிருக்கு. ஒரு வகை சொறி மீன்ல, அதாவது ஜெல்லி மீன்ல, பச்சையா ஒளிர்ற புரோட்டீன் ஒண்ணு இருக்கு, 1962-ல ஷிமோமுராங்கிற ஜப்பான் விஞ்ஞானி பிரிச்செடுத்தாரு, 2008-ல அதுக்கு நோபல் பரிசு. அந்தப் புரோட்டீனுக்கு நடுவுல ஒளிர்ற துண்டு ஒண்ணு இருக்கு, அத மட்டும் தனியா செஞ்சு கரைசல்ல போட்டா ஒளியே கிடையாது, ஆடிக்கிட்டே இருக்கும். பீப்பாய் மாதிரி இருக்குற புரோட்டீன் அத இறுக்கிப் பிடிச்சாத்தான் பச்சை வருது. பரீட்சைல இந்த உதாரணத்த எழுதுங்க தம்பி.

பாம்பன்ல மீன் வியாபாரம் பண்ற ஒரு அக்கா: எனக்கு கெமிஸ்ட்ரி எல்லாம் தெரியாது. ஏலத்துல எடுக்குறப்ப செவுள தூக்கிப் பாப்பேன், வயித்த அமுக்கிப் பாப்பேன், மோந்து பாப்பேன். 26 வருஷமா அப்படித்தான். அந்தப் பேப்பரு என் மூக்க விட என்ன பெருசா சொல்லிரும்?

அக்கா, இந்தத் தடவ வந்ததுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி இதான், கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மீன் செத்ததும் அது உடம்புல இருக்குற ஒரு பொருள பாக்டீரியா உடைச்சு டிரைமெத்தில் அமீனா மாத்துது, உங்க மூக்கு பிடிக்கிற மீன் வாடைல முக்கியமானது அதான். நேரம் ஆக ஆக அம்மோனியாவும் வேற அமீன் வகையும் சேந்துக்கும். இதெல்லாம் ஆவியா கெளம்புறது. போன இதழ்ல நான் எழுதுன பேப்பரு இந்த ஆவியத்தான் பிடிக்குது. எப்படின்னா, ஒளிரக்கூடிய ஒரு மூலக்கூறு மேல ஒரு சின்ன மூடிய வேதியியல் முறைல ஒட்டி வச்சிருப்பாங்க. மூடி இருக்குற வரைக்கும் ஒளிராது. அமீன் ஆவி வந்து பட்டா அந்த மூடி அறுந்துரும், மூடி போன மூலக்கூறு பேப்பர் மேல திடமா நெருக்கமா இருக்குறப்பவே ஒளிர ஆரம்பிச்சிரும். டாங் குழு உட்பட சீன விஞ்ஞானிகள் 2016-ல இப்படி ஒண்ணு செஞ்சு கடல் உணவு கெடுறத காட்டியிருக்காங்க. பழைய வகை சாயத்த பேப்பர்ல தடவுனா அது திடமானதுமே மங்கிப் போகும்னு மேல சொன்னேன்ல, அதனாலதான் பேப்பரு, ஸ்டிக்கர்னு வர்ற எடத்துல எல்லாம் இந்தப் புது வகைக்கு மவுசு.

இதுவரைக்கும் பாத்தா உங்க மூக்கு பண்றததான் பேப்பரும் பண்ணுது, ஆனா மூக்கு கூடைக்குள்ள மோந்து பாக்கும், மூடுன ஐஸ்பெட்டிக்குள்ள, பிளாஸ்டிக் கவருக்குள்ள மோந்து பாக்காது. சளி புடிச்சிருந்தா கஷ்டம். 300 கூடை மோந்ததுக்கு அப்புறம் எந்த மூக்கும் மரத்துப் போயிரும். பேப்பருக்கு அது இல்ல.

இனிமே சொல்றதத்தான் முக்கியமா கேட்டுக்கங்க. மூக்கும் சரி அந்தப் பேப்பரும் சரி, ரெண்டுமே பிடிக்காத ஒண்ணு இருக்கு, ஹிஸ்டமின். சூரை, கும்பளா, பேச்சாளை மாதிரி கறுத்த சதை உள்ள மீன்ல ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் ஜாஸ்தி. ஐஸ் இல்லாம வெயில்ல கெடந்தா பாக்டீரியா அத ஹிஸ்டமினா மாத்திரும். இதுவும் அமீன் வகைதான், ஆனா ஆவியா கெளம்பாது, சதைக்குள்ளயே உக்காந்திருக்கும். அதனால வாடை அவ்வளவா இருக்காது, மீன் பாக்க நல்லாவே இருக்கும், சமைச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது, திரும்ப ஐஸ்ல வச்சாலும் உருவானது உருவானதுதான். ஒரு கல்யாண வீட்டுல சூரை குழம்பு சாப்பிட்டு அரை மணி நேரத்துல எனக்கு முகமெல்லாம் செவந்து, காது சூடாகி, தல விண்ணு விண்ணுன்னு தெறிச்சு, உடம்பு பூரா தடிச்சிருச்சு. பந்தில எங்கூட உக்காந்த ஏழு பேருக்கு அதே கதி. எல்லாரும் மீன் அலர்ஜின்னாங்க, எனக்கு பொறந்ததுல இருந்து மீன் அலர்ஜி கிடையாது, அது ஹிஸ்டமின் பண்ணுன வேலை. டாக்டரு ஊசி போட்டப்புறம் சாயங்காலம் தணிஞ்சுச்சு. அந்தக் குழம்புல ஒரு துளி கெட்ட வாடை இல்ல அக்கா, ருசியா இருந்துச்சு, ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனேன்.

ஹிஸ்டமினுக்கும் இந்த டிபிஇ வகைல வழி இருக்கு. 2011-ல ஜப்பான்ல, இறக்கை நுனில அமிலக் குழு வச்ச டிபிஇ செஞ்சாங்க. ஹிஸ்டமின் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கக்கூடிய பொருள், அது ரெண்டு மூலக்கூறுக்கு நடுவுல கை கோத்து கை கோத்து எல்லாத்தையும் ஒண்ணா இழுத்துரும், திரண்டதும் ஒளி வந்துரும். ஆனா இதுக்கு மீன் சதைய அரைச்சு சாறு எடுத்து கரைசல்ல விட்டுப் பாக்கணும், சும்மா பக்கத்துல வச்சா தெரியாது. அதனால யாராவது நாளைக்கு ஏலக்கூடத்துக்கு ஒரு பேப்பர கொண்டுவந்து மீன் நல்லா இருக்கா இல்லையான்னு இது சொல்லிரும்னு வித்தா, எந்த அமீன பாக்குதுன்னு மொதல்ல கேளுங்க. ஆவிய மட்டும்னு சொன்னா அது சூரைக்கு முழு பதில் குடுக்காது.

அதுவரைக்கும் சூரை, கும்பளா எடுத்தா ஐஸ் எப்ப போட்டாங்கன்னு விசாரிங்க. பிடிச்ச உடனே போட்டதா, கரைக்கு வந்ததும் போட்டதான்னு கேளுங்க. 4 டிகிரிக்குக் கீழ இருந்தா ஹிஸ்டமின் உருவாகுறது ரொம்ப மெதுவாயிரும். உங்க 26 வருஷ விரலும் மூக்கும் வேணும், அத யாரும் வேணாம்னு சொல்லல, அதோட இந்த ஒரு கேள்வியையும் சேத்துக்கங்க.

தங்கச்சிமடம் வாசகர்: ஃபார்மலின் போட்ட மீனையும் இது காட்டுமா?

ஃபார்மலின்ங்கிறது ஃபார்மால்டிஹைடு கரைச்ச தண்ணி, அந்த ஃபார்மால்டிஹைடுக்குன்னு தனியா இந்த வகைல மூலக்கூறு செஞ்சிருக்காங்க, ஆனா நீங்க அவ்வளவு தூரம் போக வேணாம். கொச்சில இருக்குற மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் சிஃப்டெஸ்ட்னு ஒரு கிட் செஞ்சிருக்கு, பேப்பர மீன் மேல தேச்சு சொட்டு மருந்து விட்டா நிறம் மாறும், சில நிமிஷத்துல தெரியும், புறஊதா டார்ச்சு எதுவும் தேவையில்ல. ஃபார்மலினுக்கு ஒண்ணு, அம்மோனியாவுக்கு ஒண்ணு. சாதா நிற மாற்றம் போதும்ங்கிற எடத்துல ஒளிர்றதத் தேடி ஓடக்கூடாதுன்னு நான் நெனைக்கிறேன். ஒண்ணு மட்டும், தும்பிலி மாதிரி சில மீன்ல யாரும் எதுவும் ஊத்தாமலேயே நாள்பட்டா கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு தானா உருவாகும். அதனால லேசா நிறம் மாறுனதும் வியாபாரி சட்டைய பிடிக்காம ரெண்டாவது தடவ, வேற மீன்ல பாருங்க.

ஏர்வாடில இருந்து ஒரு தாய்: பெரிய மீன்ல பாதரசம் இருக்கும், மாசமா இருக்குறவங்க சாப்பிடக் கூடாதுன்னு மக சொல்றா, அவளுக்கு இது ஆறாவது மாசம். இந்த மருந்த வச்சு வீட்டுலயே பாத்துக்கலாமா?

வீட்டுல பாக்க முடியாதும்மா, அத மொதல்லயே சொல்லிர்றேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி எப்படிப் பாக்குறாங்கன்னு சொல்றேன், அது அவ்வளவு அழகான வேலை.

நம்ம டிஎன்ஏ-ல தைமின்னு ஒரு எழுத்து இருக்கு. பாதரச அயனிக்கு தைமின்னா ஒரு தனி ஈர்ப்பு, ரெண்டு தைமினுக்கு நடுவுல போயி பாலம் மாதிரி உக்காந்துக்கும். 2008-ல சீனால டிபிஇ இறக்கைல தைமின ஒட்டி வச்சாங்க. தண்ணில பாதரசம் இல்லன்னா மூலக்கூறு தனித்தனியா ஆடிக்கிட்டு இருட்டா இருக்கும், பாதரசம் வந்தா ஒண்ண ஒண்ணோட கோத்துக் கோத்து திரட்டிரும், ஒளி வந்துரும். தைமினுக்குப் பதிலா அடினின வச்சா வெள்ளி அயனிக்கு வேலை செய்யும். விளக்க ஏத்துறது டிபிஇ, யாருக்கு ஏத்தணும்னு ஆள் அடையாளம் சொல்றது தைமினு.

இதுல சிக்கல் என்னன்னா மீனுக்குள்ள இருக்குறது பெரும்பாலும் மெத்தில் பாதரசம், அது சதைல புரோட்டீனோட கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கும். அமிலத்துல போட்டு சதைய கரைச்சு அத வெளிய எடுத்தாத்தான் எந்த சென்சாருக்கும் தெரியும். அது லேப் வேலை. ஜப்பான்ல மினமாட்டா கடற்கரைல 1956-ல வெளிய தெரிய வந்த, மீன் சாப்பிட்டவங்களுக்கு நரம்பு கெட்டுப்போன கொடுமை இதே மெத்தில் பாதரசத்தாலதான், வயித்துல இருந்த பிள்ளைங்க வரைக்கும் பாதிச்சுச்சு. உங்க மக பயப்படுறதுல நியாயம் இருக்கு.

ஆனா மீனையே நிறுத்திராதீங்க. பாதரசம் சின்ன மீன பெரிய மீன் தின்ன, அத அதவிடப் பெரிய மீன் தின்னன்னு மேல போகப் போக சேரும். சுறா, மயில்மீன், பெரிய பெரிய சூரை, இதெல்லாம் இப்ப வேணாம். நெத்திலி, சூடை, காரல், நகரை எல்லாம் தாராளமா குடுங்க, புதுசா, ஐஸ்ல இருந்ததா, நல்லா வேகவச்சு. சுறாப்புட்டு பிள்ளை பெத்ததும் செஞ்சு குடுக்குறது நம்ம வழக்கம், அத மட்டும் எப்ப எவ்வளவுன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கங்க.

வேதாளைல இருந்து ஒரு வாசகர்: அப்ப பாக் ஜலசந்தி தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு நேரா இந்த மருந்த விட்டுப் பாத்தா என்ன?

கடல்தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பே மூலக்கூறுகள தண்ணில இருந்து ஒதுக்கித் தள்ளி திரட்டிரும், பாதரசம் இல்லாமலேயே ஒளி வந்து நம்மள ஏமாத்திரும். அதோட குளோரைடு அயனி பாதரசத்த தான் பிடிச்சு வச்சுக்கும், தைமினுக்கு விடாது. ஒரு பக்கம் பொய்யா ஒளிரும், இன்னொரு பக்கம் இருக்குறது தெரியாமப் போகும். கெணத்துத் தண்ணில அருமையா வேலை செய்யுற சென்சாரு கடல்ல படுத்துரும். இதுக்காக தண்ணி விரும்புற குழுக்கள ஒட்டி, உப்புலயும் கரைஞ்சு நிக்கிற மாதிரி செய்யுறாங்க, மாதிரிய முன்கூட்டியே சுத்தப்படுத்துறாங்க. நம்ம கடற்கரைக்குன்னு யாராவது சென்சாரு செஞ்சா, லேப் தண்ணில வந்த ரிசல்ட்ட காட்டுனா பத்தாது, மண்டபம் ஜெட்டி தண்ணில, டீசல் படலத்தோட, வந்த ரிசல்ட்ட காட்டச் சொல்லணும்னு எனக்கு உறுதியா தோணுது.

மூக்கையூர் வாசகர்: வெடிமருந்த கூட இத வச்சு கண்டுபிடிக்கலாமாமே?

ஆமா, ஆனா அங்க வேலை தலைகீழ். ஏற்கனவே திரண்டு ஒளிர்றத தயாரா வச்சிருப்பாங்க, பிக்ரிக் அமிலம் மாதிரி பொருள் வந்தா சக்திய உறிஞ்சி ஒளிய அணைச்சிரும். அணையுறத வச்சுக் கண்டுபிடிக்கிறதுல எப்பவும் ஒரு கஷ்டம், வேற எத்தனையோ காரணத்துக்கும் வெளிச்சம் அணையும். இருட்டுல ஒரு விளக்கு எரியுறதுதான் கண்ணுக்கு நம்பிக்கையா தெரியும்.

மண்டபத்துல இருந்து ஒரு ஸ்கூல் டீச்சர்: சார், என் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் மீனவ வீட்டுப் பிள்ளைங்க. டிபிஇ எல்லாம் எங்க ஸ்கூல்ல வாங்க முடியாது. கையில கிடைக்கிறத வச்சு எதையாவது காட்ட முடியுமா?

முடியும் டீச்சர், சந்தோஷமா சொல்றேன். செலவுன்னா ஒரு புறஊதா டார்ச்சு, 365 நானோமீட்டர்னு போட்டிருக்கணும். மலிவா கிடைக்கிறது பெரும்பாலும் 395, ஊதாவா வெளிச்சம் வந்து கண்ண ஏமாத்தும், அத வாங்காதீங்க. கண்ணுல அடிக்கக்கூடாது, பிள்ளைங்க கையில குடுக்காம நீங்களே பிடிங்க. ஜன்னல எல்லாம் சாக்கு போட்டு மூடிருங்க.

மொதல்ல யாராவது ஒரு பையனோட வெள்ளைச் சட்டைல அடிங்க, நீலமா பளபளக்கும். சோப்புத்தூள்ல வெளுப்பா தெரியுறதுக்குன்னு ஒளிர்ற சாயம் சேக்குறாங்க, அதான். பிள்ளைங்க கத்துவாங்க, கத்தட்டும்.

அப்புறம் மஞ்சப்பொடி. ஒரு டம்ளர் தண்ணில ஒரு சிட்டிகை, இன்னொரு டம்ளர்ல தேங்கா எண்ணெய் இல்லன்னா கை கழுவுற சானிடைசர்ல ஒரு சிட்டிகை. தண்ணில மங்கலா இருக்கும், எண்ணெய்லயும் சானிடைசர்லயும் இளம்பச்சை கலந்த மஞ்சளா ஒளிரும். ஒரே பொருள், சுத்தி இருக்குறது மாறுனா ஒளி மாறுதுங்கிறத கண்ணால பாத்துருவாங்க. முருங்கை இலைய சானிடைசர்ல கசக்கி வடிகட்டி அடிச்சா ரத்தச் செவப்பா தெரியும், அது பச்சையம்.

நம்ம விஷயத்துக்கு ரொம்பக் கிட்ட வர்றது மரமஞ்சள். நாட்டு மருந்துக் கடைல கட்டையா கிடைக்கும், இது சமையல் மஞ்சள் கிடையாது, வேற ஒரு கொடியோட கட்டை. அதுல பெர்பெரின்னு ஒரு பொருள் இருக்கு, தண்ணில கரைஞ்சு தனியா திரியும்போது ரொம்ப மங்கலாத்தான் ஒளிரும், நகர முடியாம மாட்டிக்கிட்டா, திடமா இருந்தா, நல்ல மஞ்சளா ஒளிரும். இயற்கைல கிடைக்கிற திரண்டொளிர்ற பொருள்னு ஆராய்ச்சிக்காரங்களே இத எடுத்துக்கிட்டு வேலை செய்யுறாங்க. கட்டைய குறுக்க வெட்டி அந்த வெட்டுன முகத்துல டார்ச்ச அடிங்க, வரி வரியா மஞ்சள் வெளிச்சம் தெரியும். அதே கட்டைல ஒரு துண்ட சூடு தண்ணில அரை மணி ஊறப்போட்டு, அந்த மஞ்சத்தண்ணில அடிச்சுப் பாருங்க, நிறம் அவ்வளவு அடர்த்தியா இருந்தும் கட்டைல வந்த பளிச்சு அதுல வராது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஏன்னு பிள்ளைங்ககிட்ட கேளுங்க, நீங்க சொல்லிராதீங்க. அப்பாவோட படகுல புரொப்பல்லர்ல வலை சிக்குனத பாத்த பிள்ளை ஒண்ணாவது உங்க கிளாஸ்ல இருக்கும், அந்தப் பிள்ளைய எழுப்பி விடுங்க. என்ன சொல்லுச்சுன்னு எனக்கு எழுதுங்க டீச்சர், அடுத்த இதழ்ல அத அப்படியே போடுறேன்.